நாடகக்காரி பார்த்த வேலைகள்

ஒரு சபா நாடகத்தின் வரவு செலவைத் தெரிந்துகொள்ளாமல் சென்னையில் யாரும் நாடகத்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சபா என்பது ரசிகர்களுக்காக நாடகம், கச்சேரி நடத்தும் அமைப்பு. அது ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும். செட், லைட், மைக், மேக்கப், பின்னணி இசை, சாமான் ஏற்றி இறக்க வேன் என்று எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். மீதி இருந்தால் நடிகர்களுக்கு. பெரும்பாலான மாலைகளில் அந்த மீதி ஆட்டோவுக்கும் இரவுச் சிற்றுண்டிக்கும் சரியாகப் போய்விடும். பெயர் பெற்ற குழுக்களில் நிலைமை கொஞ்சம் மேல். ஆனாலும் அந்தப் பணத்தில் வீட்டு வாடகை கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கணக்குக்குள் இருந்துகொண்டுதான் நான் நடித்தேன், நாடகம் எழுதினேன். அலுவலக வேலை, வானொலி, டப்பிங், தெருமுனை நாடகம், தொலைக்காட்சித் தொடர், பள்ளிக்கூடப் பட்டறை என்று பல இடங்களில் சம்பாதித்தேன். "எதிலுமே நிலையாக இல்லையே" என்று உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நாடகம் எழுதத் தெரிய வேண்டியவற்றை அந்த வேலைகள்தான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தன. மேடையில் மட்டும் இருந்திருந்தால் நான் நடிகையாக இருந்திருப்பேன். நாடக ஆசிரியராகியிருக்க மாட்டேன்.

வேறு வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த ஊரின் நாடகமே பெரும்பாலும் அப்படி வளர்ந்ததுதான். 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர்; பிறகு ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தவர். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் மேடைக்கு எழுதினார். சோ வழக்கறிஞர். கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த எஞ்சினியர். இன்னொரு மரபும் இருந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சோறு, படுக்கை, பாடம், பாட்டு எல்லாம் கம்பெனிக்குள்தான். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடிப்பார்கள். அந்த அமைப்பு இப்போது இல்லை. அதன் உழைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதன் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது.

எனக்கு வாய்த்தது ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவு. ரிக்ரியேஷன் கிளப் ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேடத்துக்கு ஆள் தேடினார்கள், போய் நின்றேன். அங்கே என்னைப் பார்த்த ஒருவர் சபாவில் நாடகம் போடும் குழுவுக்கு அழைத்துப் போனார். வேலை தேடும் இளைய நடிகர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், மாலை எத்தனை மணிக்கு வெளியே விடுவார்கள் என்று பாருங்கள். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் கையில் இருந்தால் நாடகம் நடக்கும். வெளியூர் மாற்றலோடு வந்த பதவி உயர்வை நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் புது நாடகம் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அலுவலகத்துக்கு நான் கொடுத்த இந்த மரியாதையால்தான் மற்ற மாதங்களில் நான் ஐந்தரைக்கு எழுந்து போனபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அரசு ஊழியர்கள் விதிகளையும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். எப்போதாவது செய்யும் கலை, இலக்கியப் பணிக்கு மத்திய அரசின் நடத்தை விதிகள் இடம் கொடுக்கின்றன. தொடர்ந்து ஊதியம் வாங்கும் வெளிவேலைக்கு முன்அனுமதி வேண்டும். யாரோ ஒருவர் மொட்டைக் கடிதம் எழுதிய பிறகு இதையெல்லாம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

பெண்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஒத்திகை மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடக்கும், இல்லையென்றால் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில். எல்லோரும் வேலை முடிந்து வந்து சேரவே ஏழு மணி ஆகிவிடும். காபி, ஊர்க்கதை, அதற்குப் பிறகு முதல் காட்சி. ஆண்கள் பத்தரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி மின்சார ரயில் பிடிப்பார்கள். தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்தச் சாவகாசம் கிடையாது. அதனால் வேடத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே சொல்லிவிடுவேன்: "என் காட்சிகளை முதலில் ஒத்திகை பார்த்துவிடுங்கள் சார். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவேன். நாடகம் நடக்கும் அன்று வீடு வரை வண்டி ஏற்பாடு செய்துவிடுங்கள்." சில குழுக்கள் அதோடு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. கூப்பிட்ட குழுக்களில் இந்த ஏற்பாடு எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கும் வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிற பெண்கள் இதைக் கூச்சமில்லாமல், முதல் நாளே கேட்க வேண்டும். நாலு நாடகம் நடித்த பிறகு கேட்டால் ஏதோ புதிதாகச் சலுகை கேட்பதைப் போலப் பார்ப்பார்கள்.

கிடைத்த வேடங்களோ காபி டம்ளரோடு வரும் மனைவி, முணுமுணுக்கும் மாமியார், பேச்சில் கொச்சை கலந்த வேலைக்காரி. சபா நகைச்சுவை நாடகங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு சிரிப்பு அடங்குவதற்கும் அடுத்த வசனத்தைத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை அந்த மேடையைப் போல வேறெதுவும் கற்றுக்கொடுக்காது. அரைவினாடி முன்னால் பேசினால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். அரைவினாடி பிந்தினால் அரங்கம் ஆறிவிடும். ஆனால் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஒரு முடிவெடுக்கும் காட்சியாவது வேண்டும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. யாரும் எழுதித் தரவில்லை. அதனால் நானே எழுதத் தொடங்கினேன்.

எழுதக் கற்றுக்கொண்டது வானொலியில். சென்னை வானொலி நிலையம் 1938-இல் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் இருக்கும் அதன் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது எனக்கு இன்றும் கோயிலுக்குள் போவதைப் போல இருக்கும். நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு உண்டு. தேறினால் 'பி' கிரேடு. அனுபவம் சேரச் சேர மேலே போகலாம். தொகை சிறியது. அங்கே கிடைத்த பயிற்சிக்கு நான் பணம் கட்டியிருக்க வேண்டும்.

உள்ளே போனதும் முதல் வேலை, பிரதியில் குத்தியிருக்கும் பின்னைக் கழற்றுவது. தாள்கள் ஒன்றோடொன்று உரசினால் அந்தச் சத்தம் மைக்கில் மழையைப் போலக் கேட்கும். படித்து முடித்த தாளை மடிக்காமல், மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல இறக்க வேண்டும். அந்தக் காலத்தில் வளையலும் சலசலக்கும் பட்டுப்புடவையும் வாசலோடு சரி. மைக்குக்கும் வாய்க்கும் இருக்கும் தூரம்தான் அங்கே மேடை. ரகசியம் பேச வேண்டுமென்றால் மைக்கை ஒட்டி நிற்க வேண்டும். கோபத்தில் கத்த வேண்டுமென்றால் ஓரடி பின்வாங்கி முகத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். வாசலிலிருந்து உள்ளே வருகிற ஆள் கூடத்தின் மூலையிலிருந்து பேசிக்கொண்டே நடந்து வர வேண்டும்.

ஒருமுறை புது எழுத்தாளர் ஒருவரின் நாடகம் பதிவாகிக்கொண்டிருந்தது. அதில் மனைவி சொல்கிற வசனம் இது: "இதோ பார், உன் அப்பா குடையை மடக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி உள்ளே வருகிறார்!" தயாரிப்பாளர் பேனாவை எடுத்து அதை அடித்தார். கதவு திறக்கும் சத்தம், திறந்ததும் மழை இரைச்சல் பெரிதாவது, குடையை இரண்டு முறை உதறும் சத்தம், பிறகு ஓர் ஆணின் குரல்: "துண்டு எங்கே?" அவ்வளவுதான். மழை, நனைந்த மனிதர், அவர் அந்த வீட்டுக்காரர், மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசாதவர் என்று நான்கும் அந்தச் சத்தங்களிலும் இரண்டு சொற்களிலும் வந்துவிட்டன. எழுத்தாளர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நான் அதை மனத்தில் வைத்துக்கொண்டேன். இன்றும் ஒரு காட்சியை எழுதி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பேன். யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவருக்கு என்ன மனத்தாங்கல் என்பது காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால், விளக்கும் வசனம் எங்கோ அதிகமாக இருக்கிறது என்று பொருள்.

சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. எண்பதுகளில் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்குத் தெருவே உட்காரும். சிலவற்றில் சின்ன வேடங்களில் நடித்தேன். மறுநாள் பஸ்ஸில் அடையாளம் கண்டு பேசினார்கள். அந்த மகிழ்ச்சிக்கு மேல் அதில் எனக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

டப்பிங் அப்படியல்ல. அலுவலக அனுமதியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருக்கும் ஒலிக்கூடங்களுக்குப் போவேன். வேற்றுமொழிப் படத்தில் நடிக்கிற அம்மாள் வாயைத் திறக்கும்போது நான் தொடங்க வேண்டும். மூடும்போது முடிக்க வேண்டும். ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் வராதவை. திரையில் உதடு ஒட்டும் இடத்தில் இவை விழ வேண்டும். இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு உறுத்தும். வாய் மூடி முடிகிற வசனத்துக்கு "மாட்டேன்" பொருந்தாது; "வேண்டாம்" பொருந்தும். வசனம் எழுதுகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சொல்லைத் தூக்கிவிட்டு இன்னொன்றைப் போடுவார். அங்கே உட்கார்ந்துதான் ஒரு வாக்கியம் எந்த ஒலியில் முடிகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். கோபத்தில் பேசும் பாத்திரத்தின் வசனம் வல்லினத்தில் இடித்து நிற்கட்டும். மனம் விட்டுப் போனவளின் வசனம் "ம்" என்று உள்ளேயே அடங்கட்டும். நடிகர்கள் என் வசனம் வாயில் எளிதாக வருகிறது என்று சொல்லும்போது அந்த ஒலிக்கூடத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். குரல் தொழிலில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அழுகைக் காட்சி, அலறல் காட்சி எல்லாவற்றையும் பதிவின் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலிலேயே அலறிவிட்டால் அன்றைக்கு மீதி வசனம் முழுவதும் கீறல் விழுந்த குரலில்தான் வரும்.

உடம்பைப் பற்றி யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று கூத்துப்பட்டறை. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய அந்தக் குழுவில் நடிகர்கள் காலையிலிருந்தே உடற்பயிற்சி, கூத்தின் அடவு, குரல் என்று பயில்வதைப் போய்ப் பார்த்தேன். மைக்குக்குக் கீழே வந்து நின்று வசனம் சொல்லிப் பழகிய எங்களுக்கு, ஒரு மனிதன் வசனமே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே காட்சியாக்க முடியும் என்பது பெரிய அதிர்ச்சி. மற்றொன்று தெருமுனை நாடகம். எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் தமிழ்நாடெங்கும் போய்க்கொண்டிருந்த 1990-களில் சென்னையிலும் நண்பர்கள் சேர்ந்து தெருவில் நாடகம் போட்டோம். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். யாராவது ஒருவருக்கு எப்போதும் என் முதுகுதான் தெரியும். முதுகும் நடிக்க வேண்டும். லைட் இல்லை, மைக் இல்லை, பக்கத்தில் தண்ணீர் லாரி வந்து நிற்கும், குடத்தோடு பெண்கள் ஓடுவார்கள். பாதிக் கூட்டம் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அவர்கள் வந்து நின்றதும் கதை புரிய வேண்டும். எந்த நிமிடத்தில் வந்து சேர்ந்தாலும் பிடித்துக்கொள்ளும்படி கதையை எழுதுவது எப்படி என்று வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கற்றேன். சபாவில் காபி குடித்துவிட்டுத் தாமதமாக உள்ளே வருகிற ரசிகருக்கும் அது உதவுகிறது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி, சென்னையில் நாடகம் போடும் முன் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் 1876-இல் கொண்டுவந்த சட்டத்தின் வாரிசு அது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. நாடகக்காரர்கள் அனைவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். இப்போது எழுத வருகிற இளையவர்களுக்கு அந்த அனுமதிக் காகிதத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாமல் எழுத முடிவதே அவர் வாங்கிக் கொடுத்த சுதந்திரம்.

தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தது விருப்ப ஓய்வுக்குப் பிறகு. பணம் கிடைத்தது, அந்தப் பணத்தில்தான் என் இரண்டு நாடகங்களுக்குச் செட் போட்டேன். காட்சித் தாள் படப்பிடிப்பு இடத்தில்தான் கைக்கு வரும். மேக்கப் போட்டுக்கொண்டே மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த வேகம் மேடைக்கும் பயன்பட்டது. ஆனால் மாதத்தில் எந்தத் தேதிகளைக் கொடுப்பேன், எவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன். நாடகத் தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்றால் மாற்ற மாட்டேன். ஒரு தயாரிப்பு நிறுவனம் பல மாத ஊதியத்தைக் கொடுக்காமலே தொடரை முடித்துவிட்டது. போன் செய்து பார்த்தோம், நேரில் போய் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் கையில் எழுத்து வடிவில் ஒப்பந்தம் வைத்திருந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பாதித் தொகை வந்தது. நான் அவர்களில் ஒருத்தி. "தெரிந்தவர்தானே" என்று வாய்ப்பேச்சில் போனவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களில் மருந்துக்குக்கூடச் சிரமப்பட்ட மூத்த நடிகர் ஒருவரும் இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

அதனால் உரிமையைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். நாடக ஆசிரியர்கள் பெரும்பாலும் இதைத்தான் கவனிப்பதில்லை. நாடகத்தை எழுதி முடித்த உடனேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பதில்லை. தகராறு வந்தால் பதிவு ஒரு சான்று. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை வாரிசுகளுக்கு உண்டு. யாராவது உங்கள் நாடகத்தைத் தொடராகவோ படமாகவோ எடுக்கக் கேட்டால், உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்தோடு. எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதற்கும் என்று பொருள். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா ஊடகத்துக்கும்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, தொடருக்கு மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு மட்டும், மேடை உரிமை ஆசிரியருக்கே என்று எழுதிக் கையெழுத்து போடுங்கள். என் நாடகம் ஒன்றை அப்படிக் கொடுத்தேன். அவர்கள் எடுக்கவே இல்லை. நான் அதை இன்னமும் மேடையில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி எழுதுவதைப் பற்றி. சென்னையில் ஓடுகிற நாடகம் வேண்டுமென்றால் ஐந்தாறு பாத்திரங்கள், ஒரே செட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேன் ஒரே நடையில் போய்விடும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆளைத் தயார் செய்யலாம். வெளியூர் சபா கூப்பிட்டாலும் ரயில் டிக்கெட் கட்டுப்படியாகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். டி.டி.கே. சாலையிலோ ஜி.என். செட்டி சாலையிலோ அரங்கை விட்டு வெளியே வரும் பெரியவர்கள் ஒன்பது மணிக்குள் வீடு சேர நினைப்பவர்கள். அவர்களைக் கடிகாரம் பார்க்க வைத்தால் உங்கள் கடைசிக் காட்சி யார் மனத்திலும் நிற்காது. அதற்காக அவர்களுக்கு லேசான விஷயம்தான் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' 1980-இல் இதே சபா மேடைகளில்தான் வந்தது. தண்ணீர் இல்லாத ஒரு கிராமத்தை இந்த நகரத்து ரசிகர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

குழுவில் எந்த நடிகர்கள் இருக்கிறார்களோ அவர்களுக்கும், மேடையின் வசதிக்கும் ஏற்றபடி எழுதுங்கள். என் நாடகம் ஒன்றில் மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு நிற்கும் தாய், அடுத்த காட்சியில் நூல்புடவையில் சமையலறையில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தது ஒரே ஒரு போன் உரையாடல். மேடையின் பக்கவாட்டு மறைவான விங்ஸில் இரண்டு பெண்கள் கொசுவத்தை முன்பே மடித்துப் பின் குத்தி வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தி இடுப்பில் செருகுவாள், மற்றவள் முந்தானையைத் தோளில் போடுவாள். நான் நின்ற இடத்திலேயே சுற்றுவேன். அப்படியும் கடைசி நூலிழையில்தான் மேடைக்குள் ஓடுவேன். ஆகவே அந்த இடத்தில் அப்பாவுக்கு ஒரு தனிப்பேச்சு எழுதினேன். மண்டபக்காரரிடம் பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேசப் போனவர், பந்தல் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே தன் கல்யாணத்தில் மாமனார் பட்ட கடனை நினைக்கிறார். புடவை மாற்ற எழுதிய பேச்சு. ஆனால் நாடகம் முடிந்து ரசிகர்கள் மேடைக்குப் பின்னால் வந்தால் முதலில் அவர் கையைத்தான் பிடிப்பார்கள். மேடையில் எழும் நெருக்கடியைக் கதைக்குள் கொண்டுவர முடிந்தால் கொண்டுவந்துவிடுங்கள். திரையை மூடி இருட்டில் பாட்டு போட்டு ஒப்பேற்றுவதைவிட அது எப்போதும் நன்றாக வரும்.

பெண் பாத்திரங்களைப் பற்றி ஒன்று. நாடக நடிகர் டி.கே. சண்முகம் ஔவைக் கிழவியாக நடித்து 'ஔவை' என்ற பட்டத்தையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். அது மகத்தான நடிப்பு. பிறகு கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'ஔவை' வந்தது. கோலூன்றிய கிழவிக்குப் பதிலாக, சங்கப் பாடல்களில் இருக்கிற, ஊர் ஊராகத் திரிந்து அதியமானோடு கள் உண்டு பாடிய இளம் பாணர்குலப் பெண் மேடைக்கு வந்தாள். பழைய பாத்திரத்தைத் தூக்கிப் போடாமல், அதே பெயரை எடுத்துக்கொண்டு பாடல்களைத் திரும்பப் படித்தால் இன்னொருத்தி கிடைக்கிறாள். நம் இலக்கியத்தில் இப்படித் திரும்பப் படிக்கக் காத்திருக்கிற பெண்கள் ஏராளம். நாடகம் எழுத வருகிற பெண்கள் அங்கே போய்த் தேட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பள்ளிக்கூடங்களில் பட்டறை நடத்துவதும் இப்போது என் வருமானத்தில் ஒரு பகுதி. சின்னப் பிள்ளைகளுக்கு வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. "நீ பக்கத்து வீட்டுப் பாட்டி, பால் வரவில்லை, பேசு" என்று விட்டுவிடுவேன். அவர்கள் பேசுவதைக் கேட்டால் ராயப்பேட்டையிலும் பெரம்பூரிலும் இன்றைக்கு எப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரிகிறது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுப் பேச்சை இன்றைய பாத்திரத்தின் வாயில் போடாமல் இருக்க அது எனக்குத் தேவைப்படுகிறது.

நாடகத்துக்குள் எப்படி நுழைவது என்று கேட்டால், வேடம் கேட்டுப் போகாதீர்கள். ஏதாவது ஒரு குழுவிடம் போய், மறைவிலிருந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்ட்டராக உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். எந்தக் குழுவிலும் அந்த வேலைக்கு ஆள் போதாது, மறுக்க மாட்டார்கள். விங்ஸில் பிரதியோடு நின்றால் முழு நாடகமும் உங்கள் விரல் நுனியில் இருக்கும். நல்ல நடிகர் எங்கே தடுமாறுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றித் தடுமாறினால் குறை நடிகர்களிடம் இல்லை, வசனத்தில் இருக்கிறது. அந்த வரியை நீங்களே வேறு மாதிரி எழுதிப் பார்த்து, ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் ஆசிரியரிடம் காட்டுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் படித்துப் பார்ப்பார்கள். எனக்கு முதல் நாடகத்தை எழுதச் சொன்னவர் அப்படி என் பென்சில் குறிப்புகளைப் படித்தவர்தான். கோடை நாடக விழாவுக்காகப் புது நாடகங்களுக்கு ஒத்திகை நடக்கும் மாதங்களில் போனால் வேலை நிச்சயம் கிடைக்கும். பென்சிலும் அழிப்பானும் நீங்களே கொண்டுபோங்கள்.